பின்பெஞ்சும் பாட வேண்டும், மக்களே

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குக் கால்வலி பரவாயில்லை, சாயங்காலம் ஆலயம் வரைக்கும் நடந்து போய் வருகிறார். நாகர்கோவிலில் நடந்த கொயர் தலைவர்களுக்கான பயிற்சிக் கூட்டம் முடிந்து நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தேன். போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும். அங்கே ஷார்ஜா சபையில் நீ கீபோர்டு வாசிப்பதற்கும் இது உதவும். அதனால்தான் எழுதுகிறேன். சாவகாசமாக வாசி.

வந்தவர்களில் பாதிப்பேர் உன் வயதுப் பிள்ளைகள். கீபோர்டு, கித்தார் என்று தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மீதிப்பேர் என்னைப்போல பெடல் ஆர்கனில் பழகியவர்கள். முதல் ஆராதனையிலேயே, ஒத்திகை எதுவும் இல்லாமல், ஒரு பாமாலைப் பாட்டை நாலு குரலில் எல்லாரும் சேர்ந்து பாடினோம். பின்வரிசையில் பெரியவர்கள் பாஸ் என்கிற அடிக்குரலை எடுத்தபோது, முன்னாலிருந்த பெஞ்சின் முதுகுப்பலகையைப் பிடித்திருந்த என் விரல்களில் அந்த அதிர்வு தெரிந்தது. நீயும் பக்கத்தில் நின்றிருக்கக் கூடாதா என்று இருந்தது.

டோ, ரே, மி என்று சுரங்களைப் பேர்சொல்லிப் பாடுகிற டோனிக் சோல்ஃபா வகுப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. சின்ன வயதில் உனக்கு நான் கையசைத்துச் சொல்லிக்கொடுத்தேனே, அதேதான். இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறை. அதை ஜான் கர்வன் என்ற போதகர் 19ஆம் நூற்றாண்டில் திருத்திப் பரப்பினார், மிஷனரிகள் இங்கே கொண்டுவந்தார்கள். நம் ஊர்க் கொயர்களில் அது இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதற்குப் பயிற்சியாளர் ஒரு காரணம் சொன்னார். அதில் ‘டோ’ ஒரே இடத்தில் நிற்பதில்லை. பாட்டு எந்தச் சுருதியில் தொடங்குகிறதோ, அங்கே நகர்ந்து போய் உட்காரும். நம்முடைய ‘ச’வும் அப்படித்தானே? சுருதியை இறக்கி ஒரு கட்டையில் பாடினாலும், ஏற்றி ஐந்து கட்டையில் பாடினாலும் ‘ச’ ‘ச’தான். சரிகமபதநி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது புதுசாகவே தோன்றியிருக்காது.

அப்புறம் கட்டை விஷயம். இதைத்தான் முக்கியமாக உனக்கு எழுத நினைத்தேன். ஒரே பாட்டை முதலில் நாலு கட்டையில் பாடச் சொன்னார். உச்சி ‘டோ’ வந்த இடத்தில் முன்னால் நின்ற, உச்சக்குரல் எடுக்கிற சொப்ரானோ பெண்கள் மட்டும் பாடினார்கள். மற்றவர்களில் சிலர் கீழ் ஸ்தாயிக்கு இறங்கினார்கள், சிலர் வாயை மூடிக்கொண்டார்கள். இத்தனைக்கும் அங்கே இருந்த எல்லாருமே பாடுகிறவர்கள். பிறகு இரண்டு கட்டைக்கு இறக்கினார். அதே இடத்தில் கூடமே நிறைந்தது. தூங்கி எழுந்த கொஞ்ச நேரத்தில் யாருக்கும் குரல் மேலே எழும்பாது. அதிகாலை ஆராதனையில் சாதாரண ஜனங்களை நாலு கட்டையில் பாடச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். பாட்டுத் தெரியாமல் நிற்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வோம். உன் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்குகிற ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது அல்லவா? அதைத் தொடு. பாடகிக்கு வசதியான சுருதியை விட, மூன்றாவது பெஞ்சில் நிற்கிற டிரைவருக்கு வசதியான சுருதியைத் தேடு.

கீர்த்தனை வகுப்பில் ஒரு சத்தமான விவாதமே நடந்தது. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து, அதாவது இருநூறு வருஷமாக, ராகமும் தாளமும் குறித்து வைத்துப் பாடிவருகிற பாட்டுகள் நம்மிடம் இருக்கின்றன. ஆதி தாளமா, கீபோர்டில் தானாக ஓடுகிற நாலுக்கு நாலு தாள ஸ்டைல் போட்டால் பொருந்திவிடும். ரூபகமா, மூன்றுக்கு நாலு. மிஸ்ர சாபு வந்தால்? ஏழு எண்ணிக்கைக்குக் கீபோர்டில் பெரும்பாலும் ஸ்டைல் கிடைப்பதில்லை. உடனே என்ன செய்கிறோம், ஏழில் ஒன்றை வெட்டி ஆறாக்குகிறோம், அல்லது ஒன்றை இழுத்து எட்டாக்குகிறோம். வெட்டுப்படுவது சொல். நெடில் குறுகும், குறில் நீளும், அர்த்தம் காதில் விழாது. ஒரு பையன் எழுந்து, “இப்போதைய பிள்ளைகளுக்கு இப்படித்தான் பிடிக்கும்” என்றான். பயிற்சியாளர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. ஸ்டைலை நிறுத்திவிட்டு, மூன்றும் நாலுமாகக் கைதட்டிக்கொண்டே அவனையே பாடச் சொன்னார். இரண்டாவது சரணத்துக்குள் அவன் தானாகவே தலையாட்டிப் பாட ஆரம்பித்துவிட்டான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது.

கார்டு விஷயத்திலும், அதாவது சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கிறதிலும், கவனம் வேண்டும் மக்களே. சங்கராபரணம், கீரவாணி ராகங்கள் மேற்கத்திய மேஜர், ஹார்மானிக் மைனர் ஸ்கேல்களோடு ஒத்துப்போகும், அங்கே தாராளமாகக் கார்டு பிடி. ஆனந்தபைரவியில் ஒவ்வொரு அடிக்கும் கார்டு மாற்றினால் சுரத்தை அசைத்துப் பாடுகிற அந்தக் கமகத்துக்கு இடமே இருக்காது. சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு பாடுகிறவர்களை விடு. வாசிக்காமல் இருப்பதும் வாசிக்கிறவனின் வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூட்டத்தில் ஆபிரகாம் பண்டிதரைப் பற்றியும் பேசினார்கள். தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் 1859இல் பிறந்தவர், தஞ்சாவூரில் சித்த வைத்தியராகப் பேரெடுத்தவர். 1912இல் அங்கே சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, கைக்காசைப் போட்டு, வித்துவான்களை வரவழைத்து மாநாடு மேல் மாநாடாக நடத்தினார். மருந்து விற்ற காசைப் பாட்டுக்குச் செலவழித்த மனுஷர். நமக்கு பஸ் காசு கொடுத்து நாகர்கோவில் போக யோசனை!

மைக்கைப் பற்றி ஒரு மணிநேரம் சொன்னார்கள், உனக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். சாப்பாடு நன்றாக இருந்தது. ஒருநாள் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் போட்டார்கள், உன்னை நினைத்துக்கொண்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஷார்ஜாவில் உங்களுக்கு ஆலயம் கிடைப்பதே குறிப்பிட்ட நேரம்தான், முடிவதற்குள் அடுத்த மொழிச் சபைக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள் என்று சொல்லியிருக்கிறாய். ஒத்திகைக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நன்றாக வாசிக்கிறாய், கை சுத்தமாக இருக்கிறது. ஆனால் சபையார் பாடுவது கேட்கவே இல்லை. வாரம் முழுக்க வெயிலில் நின்று வேலை பார்த்துவிட்டு, ஊர்ப் பாட்டை வாய்விட்டுப் பாட வேண்டும் என்றுதானே அந்தப் பிள்ளைகள் லேபர் கேம்பிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள்? அவர்கள் கேட்டுவிட்டு மட்டும் திரும்பிப் போகக் கூடாது, கேட்டியா.

வருகிற ஞாயிறு ஒன்று செய். கடைசிச் சரணத்துக்கு வாத்தியங்களையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, நீ மட்டும் கை தட்டி எண்ணிக்கையைக் காட்டு. முதலில் தயங்குவார்கள். நீ சத்தமாகப் பாடு, பின்னால் வருவார்கள்.

அடுத்த வருஷம் பயிற்சி எப்போது என்று இன்னும் சொல்லவில்லை. தேதி தெரிந்ததும் எழுதுகிறேன், லீவை அதற்கு ஏற்றபடி போடு. நாம் இரண்டு பேரும் போவோம். கொடுத்த பாடத்தாள்களை அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார். மிஸ்ர சாபு தாள் இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது, அதை முதலில் பார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூப்பிடு, எந்தக் கட்டையில் எடுத்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா