படத்தில் இது எந்த மாசம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காவிரி டெல்டாவைக் காட்டிய சினிமாப் படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதற்கு மேலே ஒரு புகைப்படம் போட்டு, கீழே 'சம்பா அறுவடை' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தப் பெண்கள் செய்துகொண்டிருப்பது நாற்றுப் பறி, அதாவது நடுவதற்காக நாற்றைப் பிடுங்குவது. கட்டிய நாற்று முடிகள் வரப்பில் கிடப்பதுகூடத் தெளிவாகத் தெரிகிறது. நாற்றுப் பறிக்கும் அறுப்புக்கும் நடுவே நாலு மாசம் இருக்கிறது ஐயா.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. சினிமாவிலும் இதே கதைதான் நடக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் பெரிய சினிமாப் பைத்தியம் இல்லை. வருஷத்துக்கு நாலு படம், மிஞ்சினால் ஐந்து. அதுவும் நடவு முடிந்து கை ஓய்ந்த வாரத்தில், இல்லையென்றால் நெல் போட்ட காசு வந்த கையோடு. நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குச் சைக்கிளில் போய் வரும் தூரத்தில் ஊர். மூன்று ஏக்கர் சொந்தம், இரண்டு ஏக்கர் குத்தகை. படத்தில் வயல் வந்தால் கதாநாயகி முகத்தைப் பார்க்க மாட்டேன், பயிரைப் பார்ப்பேன். பயிரைப் பார்த்தால் இது எந்த மாசம் என்று தெரிந்துவிடும். தெரிந்ததும் படம் கெட்டுவிடும். காலையில் பயிர் பக்கக் கிளை விட்டுத் தூர் கட்டுகிற பருவம், மதியம் கதிர் சாய்ந்திருக்கும், அதே நாள் சாயங்காலம் வைக்கோல் போர்! அதைவிட மோசம், முற்றிய கதிருக்குள் ஜோடி ஜோடியாக ஓடுவது. எங்கள் ஊரில் எவனும் விடமாட்டான், உருட்டுக்கட்டையோடு வந்துவிடுவான்.

கட்டுரையாளர் 'மெய்யழகன்' (2024) படத்தை இழுவை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். எனக்கு அப்படி இல்லை. கதை பெரும்பாலும் ஒரே ராத்திரியில் நடப்பதால் என் பயிர்ப் பரீட்சையிலிருந்து அது தப்பித்துக்கொண்டது என்பது வேறு விஷயம். கார்த்தி 'அத்தான், அத்தான்' என்று உருகி உருகிக் கூப்பிடுகிறார், அரவிந்த்சாமிக்கோ அவர் பெயரே நினைவில்லை. போன ஆவணியில் மன்னார்குடியில் ஒரு கல்யாணத்தில் எனக்கே இது நடந்தது. "மாமா, என்னைத் தெரியுதா?" என்று ஒரு பையன் வந்தான். "தெரியாம என்னடா" என்று சொல்லிவிட்டேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, என் அப்பா வண்டி மாட்டின் பெயர் வரைக்கும் சொன்னான். இலையை மடக்கும்வரை அவன் யார் பிள்ளை என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தப் படத்தை வெளியான இரண்டாம் நாளே பார்த்துவிட்டேன். என் மச்சான் அடுத்த வாரம் பார்த்தார். அதற்குள் சுமார் 18 நிமிஷத்தை வெட்டிவிட்டார்கள். நான் ஒரு பேச்சைப் பற்றிச் சொல்ல, அப்படி ஒன்று படத்திலேயே இல்லை என்று அவர் சாதிக்க, டீக்கடையில் சண்டையே வந்துவிட்டது. நீளம் என்று சொன்னவர்கள் எல்லாம் திண்ணையில் விடிய விடியப் பேசாதவர்கள்தான். டிக்கெட் விலையில் மட்டும் எதையும் வெட்டவில்லை.

'களவாணி' (2010) எடுத்த சற்குணம் எங்கள் பக்கத்து ஆள் என்பது யாரும் சொல்லாமலே தெரியும். அப்பா துபாயில் சம்பாதிக்கிறார், பிள்ளை ஊரில் உதவாக்கரை, ஆடி போய் ஆவணி வந்தால் சரியாகிவிடுவான் என்று வக்காலத்து வாங்குகிற அம்மா சரண்யா. எங்கள் தெருவிலேயே மூன்று சரண்யா உண்டு.

'மகாநதி' 1994 பொங்கலுக்கு வந்தது. ஒரு தடவை பார்த்தேன், இனிமேல் பார்க்கமாட்டேன். கும்பகோணத்துப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பட்டணத்துக்குப் போய்ச் சீட்டுக் கம்பெனி மோசடியில் அழிகிற கதை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் எங்கள் சித்தப்பா இப்படி ஒரு சீட்டில் பணத்தைப் போட்டுத் இரண்டாம் போகமாகத் தாளடி நடுகிற நிலத்தை விற்றிருந்தார். நல்ல படம்தான். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகத்தையும் பிள்ளைகளோடு பார்த்தேன். கல்கி கதையை ஆடிப்பெருக்கு அன்று தொடங்குகிறார். வீரநாராயண ஏரியின் 74 கணவாய்களிலும், அதாவது மதகுகளிலும், தண்ணீர் பாய்வதைச் சொல்லித்தான் உள்ளே அழைத்துப் போகிறார். படத்தில் குதிரை இருந்தது, யானை இருந்தது, கப்பல் இருந்தது. தண்ணீர்தான் எனக்குப் போதவில்லை.

வயலே வேண்டாம் என்றால் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) போதும். சிக்கல் நாயனக்காரருக்கும் திருவாரூர் ஆட்டக்காரிக்கும் நடக்கிற போட்டி. டூரிங் கொட்டகையில் அப்பாவோடு மூன்று முறை பார்த்தேன். தவில்காரராக வரும் பாலையாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே கொடுத்த காசு வசூல். சிவாஜிக்காக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று பிறகு நான் சொன்னபோது அப்பா நம்பவில்லை. "சிக்கல்காரனுக்கு மதுரைக்காரன் வாசிக்கிறதா?" என்றார். கடைசிவரை ஒத்துக்கொள்ளவும் இல்லை.

நான் பார்த்த எந்தப் படத்திலும் ஒருத்தன் நெல்லை அறுத்துக் கொட்டி, தார்ப்பாயை மேலே போர்த்தி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்கவேண்டுமே என்று கொள்முதல் நிலையத்து வாசலில் மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அதில் ஒரு பாட்டு வைக்க முடியாது, எனக்கும் புரிகிறது.

கடைசியில் என்னை உலுக்கிய படம் எங்கள் மண்ணிலேயே எடுத்ததில்லை. மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022) உசிலம்பட்டிப் பக்கத்துக் கரடு. ஆற்றுப் பாசனம் கிடையாது. ஆனாலும் அதில் நடித்த நல்லாண்டி கிழவர் கோர்ட்டில் நின்றுகொண்டு வழக்கைப் பற்றிக் கவலைப்படவில்லை, பயிர் காய்ந்துபோகுமே என்று கவலைப்படுகிறார். நிஜ விவசாயி அவர். படம் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் உள்ளே இருக்கும்போது வயலைப் பார்த்துக்கொள்ளும்படி நீதிபதி ஒரு போலீஸ்காரரை அனுப்புகிறார். கொட்டகையில் எனக்கு முன்வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர் வயலில் இறங்கியதும் சத்தமாகவே கேட்டார்: "அந்த ஆளுக்குக் களை எது, பயிர் எதுன்னு தெரியுமாய்யா?"

இப்படிக்கு,
வெண்ணாற்றங்கரை வாசகன்,
நீடாமங்கலம் வட்டம்.

பி.கு.: '96' (2018) பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை என்று வீட்டில் கோபம். தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடம் வருகிற பாதி எனக்கும் பிடித்தது. மீதிப் பாதியில் இரண்டு பேரும் சென்னையில் ராத்திரி முழுக்கச் சுற்றுகிறார்கள், யாருக்கும் செருப்பு கடிக்கவில்லை என்றேன். அதற்கு இரண்டு நாள் காப்பி கிடைக்கவில்லை.