கால்சியம் மாத்திரை போட்டுக்கொண்டு குடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, மறுநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. இப்போது அவர்களில் சிலர் கால்சியம் மாத்திரை கேட்கிறார்கள். "வயித்துல கால்பெய்ன்னு ஒரு நொதி இருக்காம்ணே, கால்சியம் இருந்தா அது புண்ணு வராம காப்பாத்துமாம்" என்று வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுகிறார்கள். இதில் பாதி உண்மை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

கால்பெய்ன் இருப்பது நிஜம்தான். கால்சியம் சேர்ந்தால் வேலை செய்யத் தொடங்கி, புரதத்தை வெட்டும் நொதி அது. ஆனால் பெப்சினைப் போலச் சாப்பாட்டைச் செரிக்க வைப்பதல்ல. செல்லுக்கு உள்ளேயே இருந்து, சில புரதங்களை மட்டும் ஓரிரு இடத்தில் நறுக்கி அவற்றின் போக்கை மாற்றும். இதில் பல வகை உண்டு. 8, 9 என்று எண்ணிட்ட இரண்டும் இரைப்பையின் உள்சுவரில் சளி சுரக்கும் செல்களில் ஜோடியாக இயங்குகின்றன. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இவற்றில் ஒன்று இல்லாத சுண்டெலிகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனாலைக் கொடுத்தபோதுதான் மற்ற எலிகளைவிட அவற்றின் இரைப்பை அதிகம் புண்ணானது. நொதி இருந்தால் எவ்வளவு குடித்தாலும் புண்ணே வராது என்பதல்ல இதன் பொருள்.

அடுத்து மாத்திரை. செல்லுக்குள் இருக்கும் கால்சியம், வெளியே இருப்பதில் ஏறக்குறைய 10,000இல் ஒரு பங்குதான். அந்த அளவைச் செல்லே கண்டிப்பாகக் காத்துக்கொள்கிறது. 500 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கி அதைக் கூட்டிவிட முடியாது. மாத்திரையில் இருக்கும் கால்சியம் கார்பனேட் வயிற்று அமிலத்தைத் தணிப்பதால் எரிச்சல் கொஞ்ச நேரம் அடங்கும், அவ்வளவுதான். அதையே பாதுகாப்பு என்று நம்பி அன்று மாலையே மறுபடி குடிக்கப் போகிறார்கள். கூடவே தலைவலிக்கு என்று டைக்ளோஃபெனாக் வேறு கேட்கிறார்கள்! குடித்த வயிற்றுக்கு அந்த மாத்திரை இன்னும் கேடு. நான் கொடுப்பதில்லை, திட்டிவிட்டுப் போகிறார்கள்.

ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ மருந்துக்கடைக்கு வரவே கூடாது, நேரே அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குடல் இரைப்பை மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதைத் தங்கள் நாளிதழில் விளக்கமாக எழுத வைக்க வேண்டுகிறேன். நான் சொன்னால் வியாபாரி பேச்சு என்கிறவர்கள், மருத்துவர் எழுதியதை வெட்டிக் கடையில் ஒட்டிவைத்தால் நின்று படிப்பார்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.