வெள்ளிச் சுரங்கப் பங்கு வாங்கும் ரொறன்ரோ உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அண்ணன்மார், அக்காமாருக்கு,

கொஞ்ச நாளாகக் கலியாண வீடுகளிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் இதே பேச்சுத்தான். வடக்கு ஒன்ராறியோவில் கோபால்ட் என்ற ஊர்ப்பக்கம் பழைய வெள்ளிச் சுரங்கத்தை எடுத்திருக்கும் சின்னக் கம்பனிகளின் பங்கு சில சதத்துக்குக் கிடைக்கிறதாம், இப்பவே வாங்கிப் போட வேண்டுமாம். நான் நிலவியல் படித்தவன், பங்கு ஆலோசகன் அல்ல. வாங்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த நிலத்தைப் பற்றி அரசாங்கம் நூறு வருசத்துக்கு மேலாக எழுதி வைத்திருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள் என்கிறேன். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

1903இல் ரயில் பாதை போடப் போன இடத்தில்தான் அங்கே வெள்ளி கண்ணில் பட்டது. மாகாண நிலவியலாளர் வில்லெட் மில்லர் அந்த வருசமே போய்ப் பார்த்தார். ஊருக்குக் கோபால்ட் என்று பெயர் வைத்தவரும் அவரே. அவரும் பின்னால் சிரில் நைட்டும் சுரங்கம் சுரங்கமாக இறங்கி வரைந்தவற்றின் சாரம் இதுதான்: வெள்ளி கண்ட இடமெல்லாம் இல்லை. சுமார் 220 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய பாறைக்குழம்பு பழைய பாறைகளுக்கு இடையே தகடாகப் புகுந்து இறுகியது. அதன் பெயர் நிப்பிசிங் டயபேஸ். அந்தத் தகட்டின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றருக்குள்தான் பெரும்பாலான வெள்ளி கிடைத்தது. அதைத் தாண்டினால் கல்சைட் நாளம் (பாறை வெடிப்பில் கல்சைட் என்ற வெள்ளைக் கனிமம் படிந்த கோடு) தொடரலாம், வெள்ளி தொடராது. ஆகவே "இன்னும் ஆழத்தில் யாரும் துளையிடவில்லை" என்று கம்பனிக்காரர் சொன்னால் சந்தோசப்படாதீர்கள். துளை டயபேஸ் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்.

அடுத்தது அகலம். அங்கே பல நாளங்கள் சில சென்ரிமீற்றர்தான். வெளியே ரோசா நிறத்தில் கோபால்ட் கனிமம் பூத்திருக்கும், உள்ளே வெள்ளை கல்சைட்டுக்குள் தனி வெள்ளி தகடு தகடாக மின்னும். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. சரி, கணக்குப் பாருங்கள். 5 சென்ரிமீற்றர் நாளத்தில் தொன்னுக்கு 3,000 கிராம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆள் நின்று வேலை செய்ய ஒன்றரை மீற்றராவது உடைக்க வேண்டும். சுற்றியுள்ள பாறை வெறும் கல் என்றால், மேலே வருவது தொன்னுக்கு 100 கிராம். செய்தி அறிக்கையின் தலைப்பில் நிற்பது அந்த 3,000தான்.

அப்புறம், நிலத்துக்குள் இவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று "பழைய கணிப்பு" ஒன்றைக் காட்டுவார்கள். சுரங்கக் கம்பனிகள் கனிமத் தகவலை எப்படி வெளியிட வேண்டும் என்று சொல்லும் கனடாவின் 43-101 விதிப்படி, தகுதியுள்ள ஒருவர் சரிபார்க்காத பழைய கணிப்பை இன்றைய கனிம வளமாகக் காட்ட முடியாது. அதைச் சொல்லும் வாக்கியமும் அறிக்கையிலேயே இருக்கும், ஆனால் குழுவில் பகிரும் படத்தில் மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். பிரி-எக்ஸ் தங்க மோசடி 1997இல் வெடித்த பிறகு வந்த விதி இது. கோபால்ட்டுக்கே அதைவிடப் பழைய கதை உண்டு. 1906இல் நிப்பிசிங் சுரங்கப் பங்கை வாங்க நியூயோர்க்கில் சனம் முண்டியடித்தது. அந்தப் பங்கை வாங்கவிருந்த அமெரிக்கச் சுரங்க முதலாளிகளான குகன்ஹைம் குடும்பம் பின்வாங்கியதும் விலை சரிந்தது. இத்தனைக்கும் அது வெள்ளி உண்மையிலேயே இருந்த சுரங்கம்! ஊரின் உற்பத்தி உச்சத்தைத் தொட்டது 1911இல்தான்.

அந்த வெள்ளி ஆர்சனிக் என்ற நஞ்சோடு சேர்ந்தே வருவதால், பழைய ஆலைகள் கொட்டிய கழிவில் இன்னமும் ஆர்சனிக் இருக்கிறது. நிலத்தை எடுத்த கம்பனி அந்தக் கழிவுக்கும் பொறுப்பா என்பதையும் அறிக்கையில் தேடுங்கள்.

முதலீட்டுக் கூட்டம் வைக்கும் அண்ணன்மாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கம்பனிக்காரரைக் கூப்பிடும்போது, துளைகளும் டயபேஸ் விளிம்பும் ஒன்றாகத் தெரியும் குறுக்குவெட்டுப் படத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். வடையும் தேத்தண்ணியும் வருவதற்கு முதல் அதைத் திரையில் போடுங்கள். விளக்க ஆள் தேவையென்றால் நான் வருகிறேன், காசு வேண்டாம்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு நிலவியல்காரன்