உங்கள் பழைய குறிப்பேடுகளை எங்களுக்கும் படிக்கக் கொடுங்கள்

சென்னை ஃப்ரீமேசன் லாட்ஜ்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சடங்குகளோடு கூடும் சகோதரத்துவ அமைப்பான உங்கள் ஃப்ரீமேசன் இயக்கத்தில் நான் உறுப்பினன் அல்ல. பழைய மதராஸின் வரலாற்றை விரும்பிப் படிப்பவன். உங்கள் லாட்ஜ்களிடம், அதாவது கிளைகளிடம், இருக்கும் பழைய மினிட்ஸ் புத்தகங்கள், உறுப்பினர் பதிவேடுகள், கடிதங்கள், நூல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவில் ஒரு பட்டியல் வெளியிடுங்கள். வெளியாட்களும் வந்து படிக்க வழி செய்யுங்கள். இதுதான் என் வேண்டுகோள்.

ஆர்க்காடு நவாப் முகமது அலியின் மகன் உம்தத் உல் உமரா 1770களில் திருச்சியில் ஃப்ரீமேசனாகச் சேர்ந்தார். செய்தி எட்டியதும், லாட்ஜ்களுக்குத் தலைமை அமைப்பான லண்டன் கிராண்ட் லாட்ஜ், சடங்குகளில் இடுப்பில் கட்டும் நீல ஏப்ரன் ஒன்றைப் பொன் வேலைப்பாட்டோடும், அருமையாக பைண்டு செய்த இயக்கத்தின் சட்டநூல் ஒன்றையும் அவருக்கு அனுப்பியது. அவர் பாரசீகத்தில் எழுதிய பதில் பொன்னிழைத் துணி உறையில் லண்டன் போய்ச் சேர்ந்தது. லண்டனில் நடந்தது இவ்வளவு விவரமாகத் தெரிகிறது. ஆனால் இந்தப் பக்கம்? நூறு வருடம் கழித்துக் கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற இந்துவைச் சேர்ப்பதற்குப் பெரிய இழுபறி நடந்து, 1872இல்தான் அவர் உள்ளே போக முடிந்தது. ஒரே இறைவன்மேல் நம்பிக்கை வேண்டும் என்ற விதிக்குள் இந்துக்கள் வருவார்களா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மதராஸ் லாட்ஜ்களில் இதே பேச்சு எப்படிப் போயிற்று, யார் ஆதரித்தார்கள், யார் தடுத்தார்கள், உள்ளே வந்தவர்கள் எந்தச் சாதி, என்ன வேலை? இந்த நகரத்தின் சமூக வரலாற்றுக்கு இவை முக்கியமான கேள்விகள். பதில் கிடைக்க வேண்டுமானால் உள்ளூர்க் குறிப்பேடுகளைத்தான் புரட்ட வேண்டும்.

ஆய்வு என்பது உங்கள் இயக்கத்துக்குப் புதிதும் அல்ல. ஜெருசலேமில் சாலமோன் அரசன் கட்டிய கோயில்வரை இயக்கத்தின் வேர் தேடிய கதைகளை ஓரம் வைத்துவிட்டு, ஆவணத்தை மட்டும் நம்பி வரலாறு எழுத வேண்டும் என்று லண்டனில் சிலர் சேர்ந்து குவாட்டுவர் கொரோனாட்டி என்ற ஆய்வு லாட்ஜுக்கு 1884இல் அனுமதி வாங்கினார்கள். ஜெருசலேமில் அகழாய்வு செய்த சார்லஸ் வாரன்தான் அதன் முதல் தலைவர். அங்கே கட்டுரை வாசிப்பார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், அந்த விவாதமும் கட்டுரையோடு அச்சாகும். இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

வெளியாட்களால் உங்களுக்குக் கிடைத்ததும் குறைவில்லை. ஃப்ரீமேசன்கள் தங்கள் மிகப் பழைய ஆவணமாகப் போற்றும் ரீஜியஸ் கையெழுத்துப் பிரதி, நூலகப் பட்டியலில் ஏதோ ஒரு நீதிக்கவிதை என்ற பெயரில் கிடந்தது. ஃப்ரீமேசன்கள் தங்கள் முன்னோடிகளாகச் சொல்லும் கல்தச்சர்களின் விதிகளை அது சொல்கிறது என்று கண்டு 1840இல் அச்சிட்ட ஹாலிவெல் என்ற ஆய்வாளர், ஃப்ரீமேசன் அல்ல. 1717இல் கிராண்ட் லாட்ஜ் தொடங்கியது என்ற கதைக்கு ஆதாரம் போதாது, 1721தான் பொருந்துகிறது என்று ஆண்ட்ரூ பிரெஸ்காட், சூசன் மிட்செல் சோமர்ஸ் என்ற இரண்டு வரலாற்றாய்வாளர்கள் 2016இல் வாதிட்டார்கள். முந்நூறாவது ஆண்டு விழாவுக்குச் சில மாதமே இருந்த நேரம்! அதைச் சொல்ல மேடை கொடுத்தது குவாட்டுவர் கொரோனாட்டி லாட்ஜ் நடத்திய மாநாடு. எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, சரி. ஆனால் அவர்களைப் பேச விட்டார்கள்.

சடங்குகளின் ரகசியம் போய்விடுமோ என்ற தயக்கம் இருக்கலாம். லண்டன் ஃப்ரீமேசன்ஸ் ஹாலில் உள்ள நூலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 1751 முதல் 1921 வரையிலான இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜின் உறுப்பினர் பதிவேடுகள் இணையத்திலேயே வந்துவிட்டன. உயிரோடு இருப்பவர்களின் விவரம் வெளியே வர வேண்டாம் என்றால் அதில் எனக்கு முழு உடன்பாடு. இந்திய கிராண்ட் லாட்ஜ் அமைந்தது 1961இல். அதை எல்லையாக வைத்து, முந்தையவற்றை மட்டும் முதலில் திறக்கலாம்.

தள்ளிப்போடக் கூடாது என்று நான் கவலைப்படக் காரணம், நம் ஊரின் ஈரக்காற்றும் கறையானும். நல்ல பெட்டியில் பூட்டி வைத்த தாளும் இங்கே செல்லரித்துப் போகும். எழும்பூரில் உங்கள் ஹால் இருக்கும் அதே வட்டாரத்தில்தான் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கிறது. பழைய அச்சு நூல்களை மைக்ரோஃபிலிமிலும் டிஜிட்டலிலும் பாதுகாத்த அனுபவம் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கு உண்டு. அவர்களிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். 1786இல் மதராஸில் தொடங்கிய பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி லாட்ஜின் ஏடுகளில் எஞ்சியவை எவை என்ற பட்டியலிலிருந்தே ஆரம்பிக்கலாம். பட்டியல் எழுத ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

மரியாதையுடன்,
சென்னை வாசகன் ஒருவன்