பின்புறத் தோட்டம்: திருப்பணி நிறைவு அறிக்கை

குடியிருப்போர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் தோட்டக் குழுவின் வணக்கம்.

போகிக்குத் தொடங்கிய வேலை ஆடிப்பெருக்கன்று முடிந்தது. நான்கு பாத்திகள், நடைபாதை, மழைநீர் வாய்க்கால் எல்லாம் பொதுக்குழுவில் சொன்னபடியே அமைந்துவிட்டன. எழுத வேண்டியதெல்லாம் லிஃப்டில் பேசிக்கொள்ளும் இரண்டு விஷயங்களைப் பற்றித்தான்.

முதலாவது, மண் எங்கே போனது? மாசியில் முழங்கால் உயரம் இருந்த பாத்தி ஆடியில் பாதிகூட இல்லை, மீதி யார் வீட்டு மாடித் தோட்டத்துக்குப் போனது என்று கேட்கிறார்கள். போட்டது மண்ணே இல்லை. அந்த இடம் முழுக்க கட்டடம் கட்டியவர்கள் கொட்டிவிட்டுப் போன ரப்பிஷ், கடப்பாரையே இறங்காது. அதனால்தான் கொத்தாமல் மேலேயே அடுக்குவது என்று முடிவானது. அடியில் டேப்பும் ஸ்டேப்ளர் பின்னும் உரித்த அட்டைப்பெட்டிகளை, ஒன்றின் மேல் ஒன்று அரையடி ஏறும்படி பரப்பிச் சொட்டச் சொட்ட நனைத்தோம். இடைவெளி விட்டால் கோரை அங்கேதான் தலை நீட்டும். அதன் மேல் சாணிக் கரைசல், வேப்பஞ்சருகு, வாழைத்தண்டு, காய்கறிக் கழிவு என்று மாறி மாறிப் போட்டு, கடைசியாக மூன்று அங்குலம் தொழு உரம். மட்கும்போது சருகில் இருக்கும் கார்பனில் பெரும்பங்கு கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். பாத்தி அமுங்கத்தான் செய்யும். அமுங்காவிட்டால்தான் உள்ளே ஈரம் இல்லையோ என்று பயப்பட வேண்டும். சந்தேகப்படுபவர்கள் இரண்டாம் பாத்தியின் ஓரத்தில் கையை விட்டுப் பார்க்கலாம். அட்டை போட்ட இடத்தில் அட்டை இருக்காது. கறுப்பாக, உதிரியாக, புதுமழை வாசனையோடு விரலில் ஒட்டும், கூடவே மண்புழுவும் வரும். இது நாங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. இப்படிச் சருகால் மண்ணை மூடி வைக்கும் மூடாக்கைப் போடச் சொல்லி இயற்கை விவசாயத்துக்கு நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்தார். ஜப்பானில் ஃபுகுவோகா என்ற விவசாயி உழாமலேயே நெல்லும் பார்லியும் விளைவித்துக் காட்டினார்.

கறையான் வரும் என்று எச்சரித்தார்கள், வந்தது. பாத்தியோடு நின்றுகொண்டது. சுவரை விட்டு இரண்டடி தள்ளிப் பாத்தி போட்டது அதற்காகத்தான், இடத்தை வீணடிக்க அல்ல.

அடுத்தது காண்ட்ராக்டர் விவகாரம். இடித்த காம்பவுண்டுச் சுவரின் செங்கல்லைச் சுத்தம் செய்து பாத்திகளுக்குக் கரை கட்ட வேண்டும், நிலத்தைக் கிளறக் கூடாது. வேலை அவ்வளவுதான். "கொத்தாம கிளறாம தோட்டமா சார், நாலு பேர் சிரிப்பாங்க" என்றவர், தலையாட்டிவிட்டு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். குழுவினர் கல்யாணத்துக்குப் போயிருந்த ஒரு முகூர்த்த நாளில் ஜேசிபியைக் கொண்டுவந்து வடக்கு மூலையை வழித்துவிட்டார். வேம்பின் பக்கவேர் அறுந்தது, சி பிளாக் தண்ணீர்க் குழாய் உடைந்தது. சாயங்காலம் ஜேசிபி வாடகையும் கேட்டார். சொல்லாத வேலைக்கு வாடகை கிடையாது என்றோம். அவர் கேட் முன்னால் போட்ட சத்தத்தை எல்லோரும் பால்கனியிலிருந்து பார்த்தீர்கள். இறங்கி வந்தவர்கள் இரண்டே பேர், அதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

மறுநாள் சமாதானமாகப் போகலாம் என்று, கரைக்கு ஓசியிலேயே பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இறக்கினார். திருப்பி அனுப்பினோம். சும்மா கிடைத்ததை ஏன் விட்டீர்கள் என்று கேட்ட உறுப்பினருக்கு: அது உடைந்தால் பறக்கும் தூசு நுரையீரலில் தங்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் கட்டைகளை எடுக்காததும் இப்படித்தான், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். கடைசியில் அவருக்குச் சேர வேண்டியதில் குழாய்ச் செலவைக் கழித்துக்கொண்டு கணக்கை முடித்தோம். அப்புறம் ஒரு கொத்தனாரும் சித்தாளும் வந்து சத்தமே இல்லாமல் கரையைக் கட்டிவிட்டுப் போனார்கள். திட்டமிட்டது 18,000 ரூபாய், ஆனது 23,400. கூடுதலில் பெரும்பகுதி இந்த இரண்டாவது கூலி, மிச்சம் சாணம் ஏற்றி வந்த டாடா ஏஸ் வாடகை.

தந்தவர்களைச் சொல்லாமல் விடக் கூடாது. எரிக்க எடுத்து வைத்த கோரைப்பாய்களைத் தந்த ஏ பிளாக் மாமி (பிளாஸ்டிக் பாய் தந்தவர்களுக்கும் நன்றி, எடுத்துக்கொள்ள முடியவில்லை). காயலான் கடைக்குப் போட்டால் காசு வரும் அட்டைப்பெட்டிகளைத் தந்த தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி. மட்டை தந்த இளநீர்க்காரர். ஊர் வீட்டை இடித்தபோது எடுத்து வைத்திருந்த நாட்டு ஓடுகளை நடைபாதைக்குத் தந்த பி பிளாக் தாத்தா. ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டியைத் தந்த சி பிளாக் மேல்மாடித் தம்பதி. அதை அறுத்து உரத்தொட்டி ஆக்கிய வாட்ச்மேன் அண்ணன். கோடை முழுக்க ஏசி தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றிய பிள்ளைகள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லி 5,000 ரூபாய் தந்த ஒருவர். அவர் யார் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

கீரை ஒரு அறுப்பு ஆயிற்று, கத்தரியும் வெண்டையும் எழுந்து வருகின்றன. ரசீதுகள் வாட்ச்மேன் அறையில் நீல ஃபைலில் இருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன்னால் இன்னொரு அடுக்கு போட வேண்டும். ஆயுத பூஜைக்கு மறுநாள் தெருவில் கிடக்கும் வாழைக்கன்றுகளையும் உடைத்த பூசணிக்காய்களையும் அள்ளி வர ஆள் தேவை. கணக்கு கேட்டவர்கள் முதலில் பெயர் கொடுக்கலாம்.

தோட்டக் குழு