அந்தப் பாட்டுக்கு ஆடற புள்ளைகளுக்கு வெசனம் இல்லைன்னு சொல்லாதீங்க

ஆசிரியர் ஐயா அவங்களுக்கு வணக்கமுங்க,

இன்னைக்கு எங்க பக்கம் மாசாந்திர பராமரிப்புன்னு காலைல ஒம்பது மணிக்கே கரண்ட் நிறுத்திட்டாங்க, எட்டுத் தறியும் நின்னு கெடக்குது, அதனாலதான் இதை ஒக்காந்து எழுத முடியுது. போன ஞாயித்துக்கெழமை உங்க வாசகர் கடிதத்துல ஒரு பெரியவர் எழுதியிருந்தாருங்க. பேரன் காலேஜ் விழாவுக்குப் போயிருந்தாராம், பசங்க எல்லாம் ஒரு இங்கிலீஷ் பாட்டுக்குக் கைதட்டி குதிச்சு ஆடுனாங்களாம், வூட்டுக்கு வந்து அர்த்தம் கேட்டா புருசன் செத்துப்போன ஒரு பொம்பளையோட பாட்டாம், இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு சாவோட அருமையே தெரியலைன்னு நெம்ப வெசனப்பட்டு எழுதியிருந்தாரு. அவர் மனசு எனக்குப் புரியுதுங்க. ஆனா அந்தப் புள்ளைகளை அப்படிச் சொன்னதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல.

அவர் பாட்டோட பேரைப் போடலைன்னாலும் எது எனக்குத் தெரிஞ்சு போச்சு. லிட்டில் டாக்ஸ். பாடுனது ஆஃப் மான்ஸ்டர்ஸ் அண்ட் மென்னுங்கற பேண்ட், ஐஸ்லாந்துக்காரங்க. அந்த நாட்டுல மொத்த சனமே நாலு லட்சத்துக்குள்ளதான், நம்ம திருப்பூர் மாவட்டத்துல மட்டும் 2011 கணக்குப்படி 24 லட்சத்துக்கு மேல இருக்கறோம், அவ்வளவு சின்ன ஊரு. 2010-ல அங்க நடந்த பேண்ட் போட்டில ஜெயிச்சவங்க 2011-ல இந்தப் பாட்டைப் போட்டாங்க, அது அமெரிக்காவுல பில்போர்டுன்னு சொல்ற பாட்டுத் தரவரிசை லிஸ்ட்ல 20-வது எடம் வரைக்கும் போச்சு. இதெல்லாம் எம்பொண்ணு சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவ கோயமுத்தூர்ல படிக்கறா, லீவுல வந்தா தறிக்குடோன்ல தார், அதாவது நாடாவுக்குள்ள வெக்கற நூல் கண்டு, சுத்திக்கிட்டே போன்ல பாட்டு போட்டுக்குவா.

மொதல் தடவை கேட்டப்போ எனக்கும் கல்யாண வூட்டுப் பாட்டு மாதிரிதான் இருந்துச்சு. ட்ரம்பெட் எடுத்த எடுப்புலயே எந்திரிச்சு வருது, நடுவுல எல்லாருமா ஹேய்னு கத்தறாங்க, காலு தானா தாளம் போடுது. என்ன கண்ணு இவ்வளவு ஜோரா இருக்குதுன்னு கேட்டேன். அவ சித்தெ நேரம் பேசாம இருந்துட்டு அர்த்தம் சொன்னா. நன்னான்னு ஒரு பொண்ணும் ராக்னர்னு ஒரு பையனும் மாத்தி மாத்திப் பாடறாங்க, அந்தப் பொண்ணு பழைய வூட்டுல தனியா நடக்க முடியலைங்கறா, படிக்கட்டு சத்தம் தூங்க விட மாட்டேங்குதுங்கறா, அவன் சமாதானம் சொல்றான், ஆனா அவன் இப்ப உசுரோட இல்லைப்பான்னா. சொல்லிட்டு, நீங்க அம்மாகூடப் பேசறதை நான் பாத்துருக்கேன்பான்னு சொன்னா.

அதை நான் வெளக்கோணுங்க. நானும் எம்பொண்டாட்டியும் இருவது வருசம் ஒரே குடோன்ல வேலை செஞ்சோம். தறி ஓடறப்போ பக்கத்துல நின்னு கத்துனாலும் காது கேக்காது, எல்லாப் பேச்சும் உதடும் கையுந்தான். இழை அந்துருச்சுன்னா ரெண்டு வெரலைக் கத்திரி மாதிரி காட்டுவா, நாடால தார் தீரப்போவுதுன்னா சுண்டு வெரலை ஆட்டுவா, சோத்துக்கு நேரமாச்சுன்னா கையை வாய்கிட்டக் கொண்டுபோயி புருவத்தைத் தூக்குவா. பெரிய பேச்சுன்னு எதுவும் இல்லீங்க, நாள் பூரா இந்தச் சின்னச் சின்னப் பேச்சுதான். அவ போயி நாலு வருசம் ஆச்சு, 44 வயசு, வியாதி வந்து எட்டு மாசத்துல எல்லாம் முடிஞ்சுது. இப்பவும் அஞ்சாம் நம்பர் தறில இழை அந்தா என் கை தானா கத்திரி காட்டும், தார் மிஷின் இருக்கற மூலையைப் பாத்து. எம்பொண்ணு அதைத்தான் பாத்துருக்கறா.

அப்பறம் அந்தப் பாட்டை நான் எத்தனை தடவை கேட்டுருப்பேன்னு கணக்கே இல்ல.

பெரியவர் ஐயா, இதைப் படிச்சீங்கன்னா ஒண்ணு கேக்கறேன். நம்மூர்ல வயசான சாவுன்னா தப்பட்டை வெச்சு அடிக்கறோமே, ரெண்டு தெரு தாண்டிக் கேக்குமே, ஒறம்பரை முழுக்க வந்து அழுதுக்கிட்டே அதுக்கு ஆடுவாங்களே, அப்ப யாரும் இவங்களுக்கு வெசனம் இல்லைன்னு சொன்னது கிடையாதே. அது கல்யாணச் சாவு அதனால ஆடலாம்னு நீங்க சொல்லலாம். எம்பொண்டாட்டி போனப்பவும் பெரியவங்க அதையேதான் சொன்னாங்க, சாவற வயசு இல்ல, மோளம் வேண்டாம்னுட்டாங்க. அவங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க. ஆனா அன்னைக்கு எங்க வூட்டு ஆசாரத்துல, அந்த முன்கூடத்துல, இருந்த அமைதி இருக்குதே, அது இன்னும் என்னைய விட்டுப் போகல. தறியும் நிறுத்தியாச்சு, மோளமும் இல்ல, அழுகறவங்க மூச்சு வாங்கற எடைவெளில செவுத்துல கடிகாரம் ஓடறது கேட்டுச்சு. ஒரு தப்பட்டை இருந்துருந்தா அன்னைக்கு நானும் எந்திரிச்சு ஆடியிருப்பேன், கத்தியிருப்பேன்.

எளவயசு சாவுக்கு நம்ம பக்கம் வேகமான அடியே இல்லைன்னும் சொல்ல முடியாதுங்க. அண்ணமார் கதையை எடுத்துக்குங்க, அண்ணன் தம்பி பொன்னரும் சங்கரும் எந்த வயசுல போனாங்க, எளவயசுலதானே? சின்ன வயசுல எங்க அப்பாரு தோள்ல தூக்கிக்கிட்டுப் போவாரு, உடுக்கடிப் பாட்டு ராத்திரி ராத்திரியா நடக்கும். தங்கச்சி தங்காள் அண்ணமாரைத் தேடி, அவங்க செத்து விழுந்து கெடக்கற படுகளத்துக்குப் போற எடம் வந்தா உடுக்கை மெதுவாவா அடிச்சாங்க? அங்கதான் வேகம் ஏறும், எதுக்க ஒக்காந்துருக்கறவங்களுக்கு அருள் வந்து விழுவாங்க, தண்ணி தெளிச்சு எழுப்புவாங்க. 1965-ல காங்கேயம் பக்கத்துல ஒரு ஊர்ல வந்து தங்கி பிரெண்டா பெக்குங்கற ஆராய்ச்சி அம்மா இந்தக் கதையைப் பல ராத்திரி டேப்ல பதிவு பண்ணாங்க, அதுல இருக்கற சோகத்துக்கு மெதுவா இழுத்துப் பாடியிருந்தா சனம் அத்தனை ராத்திரி ஒக்காந்துருக்குமான்னு எனக்குத் தோணும்.

எம்பொண்ணு காலேஜ்லயும் போன வருசம் இதே பாட்டைப் பாடுனாங்களாம். பாட்டு எதைப் பத்தினதுன்னு அதுக்கு முந்தி ஹாஸ்டல்ல ஒரு வாரம் சண்டையாம் அவளுகளுக்குள்ள. பாதிப் பேரு புருசன் செத்துட்டான்னு, அந்தியூர் புள்ளை ஒண்ணு அதெல்லாம் இல்ல, அந்தப் பொண்ணுக்கு ஞாபகம் தப்பிப் போவுது, புருசன் பக்கத்துலதான் இருக்கறான், அவளுக்குத்தான் அடையாளம் தெரியலன்னு, இன்னொருத்தி வெறும் காதல் முறிவுன்னு. அந்தியூர் புள்ளையோட அம்மிச்சி, அம்மாவைப் பெத்த பாட்டி, அப்படித்தான் இருக்கறாங்களாம், யாரைப் பாத்தாலும் செத்துப்போன அப்புச்சி, அவங்க புருசன், எங்கேன்னு கேப்பாங்களாம், அதனாலதான் அவளுக்கு அந்த அர்த்தம். அர்த்தம் தெரியாம ஆடறாங்கன்னு சொல்றீங்களே ஐயா, ஒரு பாட்டுக்கு ஒரு வாரம் ராத்திரி தூங்காம சண்டை போட்டவங்க இவங்க.

மேடைல என்ன ஆச்சுன்னா, நடுவுல ஒரு எடத்துல வாத்தியமெல்லாம் அடங்கி நீ போயிட்டேங்கற மாதிரி மெதுவா வரும், அந்த எடத்துல பாடிக்கிட்டிருந்த புள்ளைக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. பாட முடியல. கீழ நின்னுக்கிட்டிருந்தவங்க எல்லாம் அவ வரியை எடுத்துப் பாடிக்கிட்டே கொண்டு போயி மறுபடியும் ட்ரம்பெட் ஏறற எடத்துல விட்டுருக்காங்க, ட்ரம்பெட் கூட கெடயாது அங்க, வாயிலயே ஊதுனாங்களாம். ஹேய்னு எல்லாத்தையும் விடச் சத்தமாக் கத்தி முன்னால நின்னு ஆடுன பையனுக்கு அப்பா செத்து மூணு மாசந்தான் ஆயிருந்துச்சு. அது அங்க எல்லாத்துக்கும் தெரியும், அவனைச் சுத்தி நின்னுதான் மத்தவங்க ஆடியிருக்காங்க. உங்க பேரனோட காலேஜ்லயும் அப்படி ஒரு பையன் இருந்துருப்பானுங்க, நீங்க தூரத்துல ஒக்காந்துருந்ததால தெரிஞ்சுருக்காது. பேரன்கிட்டக் கேட்டுப் பாருங்க, உனக்கு எந்த அர்த்தம் கண்ணுன்னு.

ஆசிரியர் ஐயாகிட்டயும் ஒரு வேண்டுகோள். ஞாயித்துக்கெழமை இணைப்புல பாட்டைப் பத்திப் பெரியவங்களே எழுதறாங்க. இந்தப் புள்ளைகளை ஒரு வாரம் எழுதச் சொல்லுங்க, இந்த ஒரு பாட்டைப் பத்தியே எழுதட்டும், அவங்கவங்களுக்கு அது யாரோட பாட்டுன்னு. பக்கத்துலயே உடுக்கடிக்கற பெரியவங்க யாரையாவது தேடிப் பேசி அதையும் போடுங்க, படுகளத்து எடத்துல ஏன் வேகம் ஏத்தறீங்கன்னு கேளுங்க. எனக்கு அந்தப் பதிலைப் படிக்கோணும்.

இன்னும் எழுதலாம், ஆனா இப்பத்தான் லைட் எரிஞ்சுது, கரண்ட் வந்துருச்சுங்க. அஞ்சாம் நம்பர்ல இழை அந்து கெடக்குது, மொதல்ல அதை முடிஞ்சுட்டுத்தான் மோட்டாரைப் போடோணும்.

இப்படிக்கு,
விசைத்தறிக்காரர் ஒருத்தர்,
பல்லடம் பக்கம்