படத்தில் இருப்பது ஊட்டி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சுற்றுலா இணைப்பில் 'கோழிக்கோட்டிலிருந்து ஒரே நாளில்' என்று இரண்டு பக்கம் வந்திருந்தது. காப்பாடு கடற்கரை, பேப்பூரில் உரு என்ற மரக்கப்பல் கட்டும் இடம், துஷாரகிரி அருவி, தாமரைச்சேரி சுரம் ஏறி லக்கிடி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஊட்டி. நல்ல எழுத்துதான். பேப்பூர் தச்சர்களைப் பற்றிய பத்தியை நான் இரண்டு முறை படித்தேன். அப்புறம்தான் இந்த வரி கண்ணில் பட்டது: "வழியில் கூடலூர் என்றொரு சிற்றூர் வரும், தேநீர் குடிக்கலாம், மற்றபடி பார்க்க ஒன்றுமில்லை."

நான் அந்தச் சிற்றூர்க்காரன். ஊட்டி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். நகராட்சியைச் சிற்றூர் என்று எழுதியதைக்கூட விட்டுவிடுகிறேன். தேநீர் கிடைக்கும் என்றாவது சொன்னார்களே, அதற்கு நன்றி.

ஆனால் அந்த வரிக்கு மேலேயே அரைப் பக்கத்துக்கு ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். பச்சைப் பள்ளத்தாக்கு, ஓரமாகக் கொஞ்சம் மஞ்சு. கீழே 'ஊட்டியின் எழில்' என்று எழுதியிருக்கிறது. ஐயா, அது ஊசிமலையிலிருந்து எடுத்த படம். எங்கள் ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். எடுத்தவர் ஊட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். பள்ளத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிகிறதே, அதுதான் பார்க்க ஒன்றுமில்லாத கூடலூர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் என் கடைத் தகரம்கூடத் தெரியலாம்.

இது புதிதல்ல. பந்தலூரில் யானை ஒரு ஆளை அடித்தால் உங்கள் தலைப்பு 'ஊட்டி அருகே' என்றுதான் வருகிறது. பந்தலூரிலிருந்து ஊட்டி எழுபது கிலோமீட்டருக்கு மேல். சேலத்தில் நடந்ததை ஈரோடு அருகே என்று போடுவீர்களா? இதைப் பற்றி நான் முன்பே ஒரு கடிதம் போட்டேன், வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இந்த 'ஊட்டி' பழைய கணக்கு. 1974இல், பதினொரு வயதில், இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தவன் நான். அப்பா கையில் கொடுத்த தாளில் 'நீலகிரி' என்று மட்டும் இருந்தது. ஊட்டிக்குப் போகிறோம் என்று மண்டபம் முகாம் முழுக்க அம்மா சொல்லிக்கொண்டு திரிந்தாள். வந்து இறங்கியது சேரம்பாடியில், ஜூலை மழையில். தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை அங்கே லயம் என்பார்கள், இங்கே பாடி. லயத்தில் பிறந்தவன் பாடியில் வளர்ந்தேன். பெயர்தான் மாறியது, கூரையும் அட்டைக்கடியும் அதேதான். ஊட்டியைப் பார்க்க அம்மாவுக்கு எட்டு வருடம் ஆனது. பார்த்துவிட்டு, "குளிருது, போகலாம்" என்றாள்.

சரி, ஒரே நாள் பயணத்துக்கு வருகிறேன். கோழிக்கோட்டிலிருந்து நிலம்பூர், நாடுகாணி, கூடலூர் வழியாக ஊட்டிக்குச் சுமார் 160 கிலோமீட்டர். "அதிகாலை கிளம்பினால் இரவே வீடு திரும்பலாம்" என்று எழுதியவர் வரைபடத்தில் விரலை வைத்து ஓட்டியிருக்கிறார். கூடலூரிலிருந்து ஊட்டி ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஏறுவதில் ஒன்றுமில்லை, கார் திணறும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் விஷயம். இருட்டுவதற்குள் நாடுகாணி சுரத்தை இறங்கிவிட வேண்டும் என்று, கடலோரத்தில் ஓட்டிப் பழகிய பையன் நியூட்ரலில் விடுவான். நடுவட்டம் தாண்டும்போதே பிரேக் கருக ஆரம்பிக்கும். என் கடைக்கு வந்து சேரும்போது முன்சக்கரத்திலிருந்து புகை வரும், பின்சீட்டில் குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும். அவன் முதலில் செய்வது என்ன தெரியுமா? என் வாளியை எடுத்து அந்தச் சூட்டில் தண்ணீரை ஊற்றப் போவான். டிஸ்க் வளைந்துவிடும் என்று கையைப் பிடித்துத் தடுப்பேன். அரை மணி நேரம் சும்மா உட்காரச் சொல்வேன். இரண்டாவது கியரில் இறங்கு தம்பி என்பேன். இதற்கெல்லாம் நான் காசு வாங்குவதில்லை. அந்த அரை மணியில் அவர்கள் தேநீர் குடிப்பார்கள். உங்கள் கட்டுரையாளருக்குத் தகவல் அங்கேதான் கிடைத்திருக்க வேண்டும்.

இ-பாஸ் பற்றி ஒரு எழுத்து இல்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். 2025 ஏப்ரலில் சீசனுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிதான் என்று வரம்பும் வந்தது. இவை எல்லாம் உங்கள் பத்திரிகையில் படித்துத்தான் எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை என்பதும் அப்படித்தான். முன்பக்கத்தில் எழுதுகிறவர்களும் இணைப்பில் எழுதுகிறவர்களும் ஒருவர் எழுதியதை ஒருவர் படிப்பதில்லை போலிருக்கிறது. விளைவு, மே மாதம் முழுக்க வண்டியை ஓரங்கட்டிவிட்டு "சேட்டா, ஈ-பாஸ் எங்ஙனெ?" என்று என்னிடம் வருகிறார்கள். பஞ்சர் ஒட்டிய கையைத் துடைத்துவிட்டு அவர்கள் போனில் நான் படிவம் நிரப்பித் தருகிறேன். மழையில் போனால் இன்னும் அழகு என்று வேறு எழுதியிருக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த அழகா?

நாங்களும் ஒரே நாள் பயணம் போகிறவர்கள்தான். ஊட்டிக்கு அல்ல, கோழிக்கோட்டுக்கு. அங்குள்ள மருத்துவமனைகளுக்கு. விடியற்காலை நாலு மணிக்கு ஜீப் பிடித்து, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, இதே நாடுகாணியில் இறங்குவோம். ஊட்டியில் 2025இல் 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தார்கள், சந்தோஷம். அங்கே போகவும் உங்கள் 'ஒரே நாள்' கார்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஒரு மே மாதம் அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று ஊட்டிக்குக் கொண்டு போனபோது பைக்காராவுக்கு இப்பால் இரண்டு மணி நேரம் நின்றோம். முன்னால் நின்ற காரின் கூரைவழியே ஒரு பெண் எழுந்து நின்று மஞ்சைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பாவம், அவள்மேல் தப்பில்லை. அம்மா அன்று பிழைத்துக்கொண்டாள்.

என் மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக நாலு மணி நேரம் காத்திருந்தபோதுதான் நான் கோழிக்கோடு கடற்கரையைப் பார்த்தேன். பழைய கடல்பாலத்தின் தூண்கள் தண்ணீரில் நின்றன. உப்பில் ஊறிய நெல்லிக்காய் வாங்கித் தின்றோம். "கோழிக்கோடு என்றொரு ஊர், நெல்லிக்காய் தின்னலாம், மற்றபடி பார்க்க ஒன்றுமில்லை" என்று நான் எழுதி அனுப்பினால் போடுவீர்களா?

எங்கள் பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் தேவாலாவைச் சொல்வேன். 1880 வாக்கில் அங்கே தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். குடைந்த துளைகள்தான் மிச்சம். ஊரைப் பார்க்காமலே ஊரைப் பற்றி எழுதும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. நடுவட்டத்தில் மலேரியா மருந்தான கொய்னாவுக்காக வைத்த சிங்கோனா மரங்கள் இருக்கின்றன. ஜென்மம் என்ற பழைய ஜமீன் மாதிரி நிலவுரிமையை ஒழிக்க வந்த 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலம் என்ற பெயரில் பட்டா இல்லாமல், மின்சாரம் இல்லாமல் கிடக்கும் வீடுகளும் பார்க்கத் தக்கவையே. அதை நான் ஆசிரியருக்கு விளக்க வேண்டியதில்லை. இணைப்பில் போட்டால் பக்கத்தின் அழகு கெடும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அதே இணைப்பில் ஒரு மூலையில், படத்தில் இருப்பது கூடலூர் என்றும், ஊட்டிக்கு வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்து வர வேண்டும் என்றும் இரண்டு வரி போடுங்கள். படத்தை வெட்டிக் கடையில் ஒட்டிவிட்டேன். 'ஊட்டியின்' என்பதை மட்டும் பேனாவால் அடித்திருக்கிறேன். பக்கத்தில் திருத்தத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஊட்டி ரோடு பஞ்சர் கடைக்காரன்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.